இருபத்தேழாவது போட்டி

எல்லையம்மன் துணை
6.1.2025, திங்கள்

அன்புள்ள மகள் பவித்ராவுக்கு அம்மா அமுதவல்லி எழுதுவது.

நேற்று ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடியவர்கள்: கிராமத் தலைவர் தாமோதரன். பஞ்சாயத்தார் நான்கு பேர். ஏரியில் பாடு உள்ள ஆண்கள் முப்பத்தெட்டுப் பேர், உன் நைனாவையும் சேர்த்து, நான் எண்ணினேன். தலைவர் மகன் பிரவீன், கையில் போனோடு. மண்டபத்துக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நானும் பக்கத்து வீட்டு சரோஜா அத்தையும். வர வேண்டியவர்களில் வராதது நீ ஒருத்திதான்.

எதற்குக் கூட்டம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நவம்பரில் நீ சென்னையில் பேசி முதல் பரிசு வாங்கிய விவாதப் போட்டியை யாரோ நெட்டில் போட்டிருக்கிறார்கள். பிரவீன் அதைப் பார்த்துக் குப்பத்து குரூப்பில் அனுப்பிவிட்டான். மண்டபத்து மைக்கில் போனை வைத்து எல்லாரும் கேட்க ஓட்டினார்கள். உன் குரல் ஏரி வரைக்கும் போயிற்று. இத்தனை வருடம் அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு வயிறு நிறையும். நேற்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏரியைப் பங்கு போட்டு, பெயர்ச் சீட்டைப் பானையில் குலுக்கி, ஆளுக்கொரு பாடு என்று வலை கட்டும் இடத்தை எடுத்துக்கொள்வதை எங்கள் ஊரில் நியாயம் என்கிறார்கள். அந்தப் பானையில் முத்தம்மாள் என்ற பெயர் ஒருநாளும் விழுந்ததில்லை. முழங்கால் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள் அவள். பிடித்த இறாலைப் போட அவள் வாயில் கவ்வியிருந்த ஓலைப் பறியைப் பிடுங்கி எறிந்தார்கள். என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.” இதுதானே நீ பேசியது? எழுத்து மாறியிருந்தால் சொல். நான் காதால் கேட்டு எழுதினேன்.

போனை நிறுத்தியதும் தலைவர் கேட்டார். “இன்னா பச்சமுத்து, ஒம் பொண்ணு நம்மள திருடன்னு சொல்லி கப்பு வாங்கினு வந்துக்கீது. நீயும் கை தட்டுனியா?”

“கொயந்த தலைவரே. போட்டில பேசுனது.”

“கொயந்தயா? கொயந்த பேச்ச நாப்பதாயிரம் பேரு பாக்குறானா? நாளிக்கி கெவுருமெண்ட்டு ஆளு வந்து, ஒங்க பாடு செல்லாதுன்னு சொன்னா, ஒங் கொயந்த வந்து வலை கட்டுமா?”

முடிவு இது. ஒன்று, அந்த வீடியோ நெட்டிலிருந்து போக வேண்டும். இரண்டு, நீ நேரில் வந்து, பேசியது பொய் என்று சபையில் சொல்ல வேண்டும். இரண்டும் தை இரண்டாம் ஞாயிறு பாடு குலுக்குவதற்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் நைனா பெயர் பானையில் விழாது. பாடு இல்லாதவன் இந்த ஏரியில் ஒரு கழிகூட ஊன்ற முடியாது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “காலேஜி பாரத்துல நான் கையெய்த்து போடமாட்டன். அவகிட்ட சொல்லிடு” என்றார். நேற்று சாயங்காலம் போனில் நீ அழுததும் அதனால்தானே. விடுதி வார்டன் போனில், பின்னால் இருபது பெண்கள் வரிசையில் நிற்க, என்ன பேச முடியும்? அதனால்தான் எழுதுகிறேன்.

பவி, எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நம் வீட்டைப் பற்றி அங்கே போய் ஏன் பேசினாய்? யோசித்து எழுது. அம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் இதை ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா

•

விடுதி, 9.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இங்கே தனியாக இருக்க வேறு இடம் கிடையாது.

முதலில் வீடியோ. அதை எடுக்க முடியாது. என்னிடம் இருந்தால்தானே எடுக்க? போட்டி நடத்தியவர்கள் போட்டது. அவர்களிடம் கேட்டு எடுக்க வைத்தாலும், அன்றோடு என் படிப்பு முடிந்தது. விண்ணப்பத்தில் நான் கொடுத்திருப்பது அந்த வீடியோவைத்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி உனக்கு மறுபடி சொல்கிறேன். நைனாவுக்கும் படித்துக் காட்டு. நாற்பது பேருக்கு மட்டும் எல்லாம் இலவசம். படிப்பு, சாப்பாடு, தங்க இடம், ஊருக்கு வந்துபோக டிக்கெட் வரைக்கும். ஒன்பதாயிரம் பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். மார்க் மட்டும் பார்த்தால் நான் அந்த ஒன்பதாயிரத்தில் எங்கேயோ கிடப்பேன். என் கணக்கு மார்க் உனக்குத் தெரியும். அவர்கள் பேச்சு, விவாதம் என்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நான்கு வருடமாக எத்தனை மேடை, எந்தத் தலைப்பு, எந்தப் பக்கம், என்ன பரிசு, எல்லாம் கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் சர்ட்டிபிகேட்டைத் தேடிக்கொண்டு அலைந்தபோது நான் நீ போட்டிக் கணக்கு எழுதி வைத்த நோட்டைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஹேமாவதி டீச்சர் அன்றைக்கே உன்னிடம் சொன்னார்களே, எல்லாத்தையும் எழுதி வை அமுதா, காலேஜில் கேட்பார்கள் என்று. கேட்டுவிட்டார்கள் அம்மா. இரண்டாம் சுற்றுக்கு எடுத்த இருநூறு பேரில் நான் இருக்கிறேன். எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான்.

இனி வேண்டியது இரண்டு. பெற்றோர் கையெழுத்துப் போட்ட பாரம்; இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரை, அதை நான் எழுத வேண்டும். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி கடைசி.

சபையில் வந்து பொய் என்று சொல்ல மாட்டேன். முத்தம்மாள் அக்கா பறியை எறிந்தது பொய்யா? நான் ஏழாவது படிக்கும்போது என் கண்ணால் பார்த்தேன். தலைவர் தம்பி எறிந்தார். உனக்கும் தெரியும்.

விவாதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். நாம் நினைப்பதைப் பேசுவது இல்லை அது. அங்கே பக்கத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும். சீட்டுக் குலுக்குவது அவர்களுக்குப் புரியாத விஷயமா?

நைனா சாப்பிடுகிறாரா? அதை நீ எழுதவே இல்லை.

பவித்ரா

•

எல்லையம்மன் துணை
17.1.2025, வெள்ளி

பவித்ராவுக்கு,

பாரம் இதோடு இருக்கிறது. நைனா கையெழுத்துப் போட்டுவிட்டார். முதலில் அதைப் பார்த்துக்கொள், பிறகு மேலே படி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் கடிதத்தில் கடைசியில் சீட்டுக் குலுக்குவதைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. இது ஏன் எனக்கு முன்னால் தோன்றவில்லை? போட்டி நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு போட்டி. ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், தலைப்பு, எந்தப் பக்கம், பக்கம் எப்படி வந்தது. கடைசிக் கட்டத்தில் இருபத்தேழுக்கும் “சீட்டு” என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம், பத்தொன்பதாவது போட்டி. பொன்னேரியில், இதே மாதிரித் தலைப்பு. அன்றைக்கு நீ பாடு முறை ஏழையைக் காக்கிறது என்று பேசி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறாய்!

நேற்று காணும் பொங்கல். பஞ்சாயத்தார் மண்டபத்தில் இருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று, “ஒரு வார்த்தை சொல்லணும்” என்றேன்.

“பொம்பளைங்க இன்னா சபையில?” என்று சடையன் பெரியப்பா எழுந்தார்.

“உள்ள வர்ல. இங்கருந்தே சொல்றன்” என்றேன். நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீ மேடையில் நிற்கும்போது இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வாயா?

பத்தொன்பதாவது போட்டியைப் படித்தேன். இருபத்தேழாவதைப் படித்தேன். “தலைவரே, போன வருசம் ஒங்களுக்கு எந்தப் பாடு வுயுந்துச்சி?” என்று கேட்டேன்.

“முகத்துவாரம்.”

“சடையன் மாமாவுக்கு?”

அவர் முகத்தைச் சுளித்தார். “சேத்துமேடு. ஒரு கூடை எறா வர்ல.”

“சேத்துமேடு வேணும்னு நீங்களா கேட்டீங்க? இல்ல. சீட்டுல வந்துச்சி, போய் வலை கட்டுனீங்க. வுயுந்த பாட்ட இன்னொருத்தன்கிட்ட மாத்திக்கறது நம்ம ஊருல உண்டா?”

“மாத்துனா கை ஒடிச்சிடுவம்” என்றார் யாரோ பின்னாலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள்.

“எம் பொண்ணுக்கும் சேத்துமேடுதான் வுயுந்துச்சி. போய் நின்னா. வலை கட்டுனா. கெடைச்சது. அவ்ளோதான்.”

சரோஜா அத்தை என் முதுகில் கையை வைத்து, “அடியே, ஒம் பொண்ணுக்கு வாய் எங்கருந்து வந்துச்சின்னு இன்னிக்கித்தான்டி தெரியுது” என்றாள்.

தலைவர் தாடியைச் சொறிந்துகொண்டே இருந்தார். “நோட்டுல ஆரு வேணா எயுதலாம். சீட்டுதான்னு அம்மன் முன்னால கற்பூரம் அணைப்பியா?”

அணைத்தேன் பவி. யோசிக்கவே இல்லை. தட்டில் கற்பூரம் ஏற்றி, “எம் பொண்ணு அந்தப் பக்கத்த தானா எடுக்கல, சீட்டுல வந்துச்சி, இது பொய்யின்னா எங் குடும்பத்த நீ கேளு தாயே” என்று சொல்லி உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். கொப்புளம் சின்னதுதான். மஞ்சள் வைத்திருக்கிறேன்.

அதோடு முடிந்தது. நைனா பெயர் பானையில் விழும். நீ வர வேண்டாம், வீடியோவும் இருக்கட்டும் என்றார்கள். நைனா வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி, ப-வில் ஆரம்பித்து முத்து வரைக்கும் எழுத்துக் கூட்டிப் போட்டார். எனக்குப் படிப்பு உன் பாடப் புத்தகத்தில் வந்தது. அவருக்கு அதுகூட இல்லை. பாரத்தில் மை கொஞ்சம் இழுபட்டிருக்கும். பரவாயில்லையா என்று கேட்டு எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்த வீடியோவில் தன்னைப் பற்றி வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். மூன்று தடவை நான் பார்த்தேன். கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். இப்போது சாப்பிடுகிறார்.

அம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் விளக்கு வைப்பதாக வேண்டியிருக்கிறேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. நீ கட்டுரையை நன்றாக எழுது.

அம்மா

•

விடுதி, 20.1.2025

அம்மா,

கை சுட்டுக்கொண்டாயா. இன்னும் எரிகிறதா.

இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நைனா கையில் கிடைக்கக் கூடாது, அவர் யாரிடமாவது படிக்கச் சொல்லுவார்.

எனக்கு வந்தது அந்தச் சீட்டு இல்லை.

ஊர் வழக்கங்கள் ஏழைகளைக் காக்கின்றனவா, ஒதுக்குகின்றனவா என்பது தலைப்பு. என் சீட்டில் “காக்கின்றன” என்று இருந்தது. “ஒதுக்குகின்றன” வந்தது பிரின்சி என்ற பெண்ணுக்கு, காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளி. மேடைக்குப் போக அரை மணி இருந்தபோது கை கழுவும் இடத்தில் அவளிடம் கேட்டேன், மாற்றிக்கொள்ளலாமா என்று. அவளுக்குச் சந்தோஷம். காக்கிற பக்கம் சுலபம் என்று நினைத்தாள். பெயர் எழுதிக்கொள்ளும்போது மாற்றிச் சொன்னோம். யாரும் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். போன வருடம் எங்கள் பள்ளியிலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்குப் போன லோகேஷ் அண்ணா தீபாவளிக்கு வந்து எங்களிடம் பேசினார். “சொந்த ஊரைப் புகழ்ந்து பேசுற பிள்ளைகளை அவங்க ஆயிரம் பேர் பார்த்துட்டாங்க. உன் வீட்டுக்குள்ளயே வலிக்கிற ஒண்ணை எடுத்து வெளியே வை. அதைத்தான் அவங்க தேடுறாங்க” என்றார். நான் மூன்று முறை பாடு முறையைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். மூன்றிலும் மூன்றாம் பரிசு. உன் நோட்டைப் பார்.

அப்புறம் உன்னிடம் போனில், சீட்டு என்று எழுதிக்கொள் என்று சொன்னதும் நான்தான். நீ அதை அம்மன் முன்னால் கொண்டுபோய் வைப்பாய் என்று நான் எங்கே கண்டேன்? போன கடிதத்தில் “பக்கத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள்” என்று எழுதினேன். எனக்கு அந்தச் சீட்டு வந்தது என்று எழுதவில்லை. அப்படி எழுதக் கை வரவில்லை. வார்த்தையைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். நான்கு வருடம் அதைத்தானே கற்றுக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதற்குள் விளக்கை அணைக்கச் சொல்லி இரண்டு தடவை மணி அடித்துவிட்டார்கள்.

நைனா அன்றைக்கு அங்கே இல்லை. பறியை எறிந்தது நிஜம். முத்தம்மாள் அக்கா தண்ணீருக்குள் துழாவி அதைத் தேடியது நிஜம். நைனா நின்றது நான் சேர்த்தது. முதலில் “ஊரார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்” என்றுதான் எழுதியிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவர் அம்மா கீழே பார்த்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. “என் அப்பா” என்றேன். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அரங்கமே அசையவில்லை அம்மா. அந்த ஒரு நொடிக்காகத்தான் எனக்கு முதல் பரிசு.

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்ட கடிதத்தில் அதையே எழுதியிருக்கிறார்கள். “உங்கள் தந்தையின் மௌனத்தைப் பற்றி நீங்கள் பேசிய துணிவு எங்களைத் தொட்டது. அந்த நாளைப் பற்றி எண்ணூறு சொற்களில் எழுதுங்கள்.” இதுதான் கட்டுரை. நடக்காத நாளைப் பற்றி எண்ணூறு சொற்கள்.

உண்மையை எழுதினால் இடம் போய்விடும். எழுதாவிட்டால் நாலு வருடமும் அந்தப் பொய்யில் படுத்து எழுந்திருக்க வேண்டும். நீ தெரியாமல் செய்த சத்தியம் அது, அம்மன் உன் மேல் குற்றம் வைக்காது. யாரிடமும் சொல்லாதே. குலுக்கல் முடியட்டும், நைனாவுக்குப் பாடு கிடைக்கட்டும். நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் சொல்.

பவி

•

விடுதி, 24.1.2025

அம்மா, பதில் வரவில்லை. தபால் இன்னும் வரவில்லையா, நீ எழுதவில்லையா?

வரும் ஞாயிற்றுக்கிழமை குடியரசு தினக் கொடியேற்றத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான்.

கட்டுரையை இரண்டாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நைனா நிற்கிறார். நன்றாக வந்திருக்கிறது. மிகவும் நன்றாக வந்திருக்கிறது, படித்த தோழி அழுதாள். இன்னொன்றில் நான் பிரின்சியிடம் மாற்றியதையும், நைனாவைச் சேர்த்ததையும் எழுதினேன். அது முந்நூறு சொல்லைத் தாண்டவில்லை.

திட்டியாவது எழுது.

•

எல்லையம்மன் துணை
27.1.2025, திங்கள்

பவித்ராவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தது. முதல் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ சொன்னபடி கிழிக்கவில்லை. நோட்டில் இருபத்தேழாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஐந்து நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. எனக்கு எழுத வார்த்தை இல்லை. உனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை, அதனால் உனக்கு இது புரியுமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை கரைப்பக்கம் போய் முத்தம்மாளைப் பார்த்தேன். அவள் வீட்டுக்கு நான் போனதே அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னாள். அன்றைக்குப் பச்சைமுத்து அங்கே இருந்தாரா என்று கேட்டேன்.

“அன்னிக்கி இல்ல” என்றாள். இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே, “வேற ரெண்டு நாளு இருந்தாரு. அப்பியும் சும்மாத்தான் நின்னாரு” என்றாள்.

என்னால் நிமிர முடியவில்லை. அவளே பேசினாள். “ஒம் பொண்ணு எம் பேர மைக்குல சொல்லிச்சாமே. அந்த வீடியோ வந்ததுலருந்து ஐஸ்பொட்டிக்காரன் எங்கிட்ட எறா எடுக்கறதில்ல. தலைவரு வாணான்னுட்டாராம். பஸ்ஸ புடிச்சி ஆரம்பாக்கம் வரிக்கும் தூக்கினு போறன். கப்பு அதுக்கு, கூடை எனக்கு. சொல்றதுக்கு மின்ன ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமில்ல? நல்லாப் படிக்கிற பொண்ணு.” திட்டவில்லை. இந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னபோது அவள் கேலி செய்கிறாளா, மெய்யாகச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது நீ கேட்க வேண்டியது.

அவர் வேறு நாளில் நின்றார் என்பதை வைத்து, அப்போது நான் சொன்னது சரிதானே என்று ஆரம்பிக்காதே. உன்னை எனக்குத் தெரியும். அவர் நின்ற நாள் அவருடைய பாவம். நீ சொன்ன நாள் உன்னுடையது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். குலுக்கலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார், பாவம். நான் சொல்லி முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கி நான் மெட்ராசுக்கு நூலு வாங்கப் போயிருந்தன். எனக்குத் தெரியும்” என்றார். பிறகு, “மூணு வாட்டி பாத்தனா அந்த வீடியோவ. பாத்தப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்ச்சி. நின்னுட்டுத்தான் இருந்தன் போலக்கீதுன்னு. கரையில எந்த எடத்துல நின்னன்னுகூடத் தோண ஆரம்பிச்சிட்ச்சி. அவ்ளோ நல்லா பேசுது அது” என்றார்.

நீ வாங்கிய எல்லாப் பரிசையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நேற்று ஞாயிறு. குலுக்கல். பானையில் சீட்டெல்லாம் போட்டு, அம்மனுக்கு மாலை சாத்தி, தலைவர் எடுக்கக் கையை நீட்டும்போது வாசல்படியைத் தாண்டி உள்ளே போனேன். சடையன் பெரியப்பா கத்தினார். நான் நிற்கவில்லை. “நான் அணைச்ச கற்பூரம் பொய்யி. எம் பொண்ணுக்கு அந்தச் சீட்டு வர்ல. மாத்திக்கிச்சி. எனக்குத் தெரியாது, ஆனா பொய்யி. அத திருப்பி எடுத்துக்கறன்” என்றேன். இவ்வளவுதான் பேசினேன். வாசலில் நின்று அன்றைக்கு அத்தனை நேரம் பேசினவளுக்கு நேற்று இதற்குமேல் வரவில்லை.

தலைவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “கம்முனு இருந்திருக்கலாமே அமுதா. ஆருக்குத் தெரியப்போவுது?” என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நைனா எழுந்தார். யாரும் சொல்வதற்கு முன்னால் பானையண்டை போய்க் கையை விட்டார். அவருக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்து, இல்லை என்று மடித்து மறுபடி உள்ளே போட்டு, அடுத்ததை எடுத்தார். பிரவீன் உதவி செய்ய வந்தான், கையால் தள்ளிவிட்டார். பதினொரு சீட்டு. நாற்பது ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாவது அவருடையது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஒரு வருடம் பாடு இல்லை. இன்று காலை சடையன் பெரியப்பா படகில் கூலிக்குப் போயிருக்கிறார். நான் ஒரு மண்டலம் கோயில் படி ஏறக்கூடாது என்று தீர்ப்பு. வேண்டிக்கொண்ட விளக்கு பதினோராம் நாளோடு நின்றது. வீட்டிலேயே ஏற்றுகிறேன். சரோஜா அத்தை என்னோடு பேசுவதில்லை, ஆனால் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது உன் கேள்வி. என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

உன்னிடம் மறைக்கவில்லை. நைனா நிற்கிற கட்டுரையையே அனுப்பு என்று எழுத நேற்று ராத்திரி இரண்டு தடவை தாளை எடுத்தேன். பாடும் போய், உன் படிப்பும் போனால் நாங்கள் எதைப் பார்த்து இருப்பது? அம்மனுக்குப் பயந்து நான் என் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொண்டேன், போதாதா, பிள்ளை பொய் பிள்ளையோடு போகட்டும் என்றுகூட மனம் போயிற்று. ஒன்பதாயிரத்தில் இருநூறு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தினமும் படிக்கிறேன். இரண்டு தாளையும் கசக்கிவிட்டேன். அனுப்பாதே என்றும் என்னால் எழுத முடியவில்லை. அந்த முந்நூறு சொல்லைப் படித்துவிட்டு அவர்கள் உன்னை வேண்டாம் என்றால், நான் சொல்லித்தானே போயிற்று என்று வாழ்நாள் முழுக்க உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை பவி.

நைனாவைக் கேட்டேன். பாரத்தைத் திருப்பி வாங்கச் சொல்லட்டுமா என்று. “போட்ட கையெய்த்து போட்டதுதான்” என்றார். “எந்தக் கட்டுரைய அனுப்பனாலும் அதுல என் கையெய்த்து இருக்கும். அத மட்டும் அதுகிட்ட சொல்லு.” வலையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார்.

இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். வெள்ளி கடைசித் தேதி. போனில் சொல்லாதே, போனில் உன் குரலைக் கேட்டால் நீ எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். எந்தக் கட்டுரையை அனுப்பினாய் என்று உன் கையால் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
அம்மா